சூரியன் முதுகில் இருக்கட்டும்

காலை ஏழு நாற்பத்திரண்டு. இந்த நேரத்தை நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை. கேமரா பார்த்து வைத்திருக்கிறது. எடுக்கிற ஒவ்வொரு படத்தோடும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்க வாசலில் நிற்கும் தலைமையாசிரியர் மாதிரி. ஏழு நாற்பத்திரண்டுக்கு நான் எடுத்த படத்தில் ஒரு நாரை இருக்கிறது. பறக்கிற பறவை ஒன்றின் கண், என் வாழ்க்கையில் முதல்முறையாக, தெளிவாக விழுந்திருக்கிறது. கண்ணுக்குள் வெளிச்சப் பொட்டுகூடத் தெரிகிறது. "ஏட்டி, கண்ணு கெடச்சிட்டு!" என்று கத்திக்கொண்டே இடது பக்கம் திரும்பினேன்.

இடது பக்கம் என் மகள் இல்லை.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், சடங்கு, முதல் திருவிருந்து, பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்று எல்லா மதத்தாரையும் சமமாகச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுப்பவர். ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு. அப்பாவின் கேமராவை எடுத்து அவள் முதலில் மனிதர்களைத்தான் படம் எடுத்தாள். பிறகு மனிதர்கள் அலுத்துப்போய்ப் பறவைகளுக்குப் போனாள். பதினாறு வயதில் அது நியாயமான முடிவு என்றுதான் எனக்குப் பட்டது.

வீட்டுக்காரருக்குப் படவில்லை. "நாரை வீட்டுக்காரங்க வந்து ஆல்பம் கேப்பாங்களாட்டி?" என்று அவளிடம் கேட்டார். "கல்யாண மாப்பிள்ளையவே ஒரு நிமிசம் ஆடாம நிக்க வைக்க முடியல. நீ பறக்கிறதப் போய் எடுக்கப் போறேன்னு சொல்லுத."

"மாப்பிள்ளை ஆடுனா அசிங்கமா இருக்குப்பா. பறவை ஆடுனா அழகா இருக்கு" என்றாள் அவள்.

அவர் நீளமான லென்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். குளத்துக்குத் தனியாகப் போகக் கூடாது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்காவது கல்யாணம் இருக்கும். ஆக, காவலுக்கு நான்.

கவலைப்படுவது எங்கள் வீட்டில் என் துறை. கேஸ் சிலிண்டரை மூடினோமா, கதவைப் பூட்டினோமா, பூட்டிய கதவுக்குள் யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று வரிசையாகக் கவலைப்பட எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அதனால் காவல் வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். முதல் இரண்டு வாரம் நான் பிளாஸ்கில் காபியும் கையில் குடையுமாகக் கரையில் உட்கார்ந்து, அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலடியில் பாம்பு இருக்குமோ, தலைக்கு மேல் தேனீ இருக்குமோ என்று பார்த்தேன். பாம்பும் வரவில்லை, தேனீயும் வரவில்லை. எனக்குச் சலித்துப்போனது. மூன்றாவது வாரம் ஸ்டுடியோவில் சும்மா கிடந்த பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். காவலுக்குப் போன நாய் பந்து விளையாட ஆரம்பித்த கதை அங்கேதான் தொடங்கியது.

மகள்தான் வாத்தியார். வகுப்பில் நான் பிள்ளைகளிடம் எப்படி எரிந்து விழுவேனோ அதே குரலில் என்னிடம் எரிந்து விழுந்தாள்.

"எம்மா, சூரியன் முதுகில இருக்கட்டும். எத்தன தடவ சொல்லுதேன். வெளிச்சத்தப் பார்த்து நின்னா பறவை கரிக்கட்டையாத்தான் விழும்."

சூரியன் முதுகில். காற்றும் முதுகில். ஏனென்றால் பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். வண்டியைப் பள்ளத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்வதுபோல அவற்றுக்கு எதிர்க்காற்று வேண்டும். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் காலையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். சூரியனும் கிழக்கே. குளத்தின் வடகிழக்கு மூலையில் நின்றால் போதும், நாரை எழும்பும்போது உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் எழும்பும். தப்பான மூலையில் நின்றால் அதன் பின்பக்கம்தான் கிடைக்கும். முதல் மாதம் முழுக்க நான் எடுத்தது பின்பக்கங்கள். கொக்கின் பின்பக்கம், நீர்க்காகத்தின் பின்பக்கம், கூழைக்கடாவின் மிகப் பெரிய பின்பக்கம். மணி அடித்ததும் வகுப்பை விட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. வித்தியாசமே தெரியவில்லை.

எப்போது பறக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதை அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. பறவை எழும்புவதற்கு முன்னால் கழிந்துவிட்டுத்தான் எழும்பும். எப்போதும் இல்லை, ஆனால் பெரும்பாலும். சுமையைக் குறைக்கிறது. ஆகவே பறக்கும் பறவையைப் படம் எடுக்க விரும்புகிற நாகரிகமான ஒரு பெண், பனிக்காலக் காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஒரு நாரை எப்போது வெளிக்குப் போகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன்.

பட்டுச்சேலைக்குக் காரணம் எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. எட்டரைக்கு முதல் மணி. நேராகக் குளத்திலிருந்து கோயிலுக்குப் போய்விடலாம் என்பது என் திட்டம். நான் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் துணைச் செயலாளர். நான் தாமதமாகப் போனால் அது ஆண்டவருக்குத் தெரிகிறதோ இல்லையோ, செயலாளர் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

வாரநாளில் பயிற்சிக்குக் கோபுரத்துப் புறா. சங்கரநாராயணர் கோயில் கோபுரத்தில் புறாவுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும் தெருவில் நின்று கேமராவை மேலே தூக்கிப் பிடிப்பேன். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். கையை மட்டும் திருப்பினால் படம் கலங்கும். பட்டனை அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் பூக்கடை அண்ணாச்சி பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"என்ன டீச்சர், தினம் எங்க கோபுரத்தையே அண்ணாந்து பாத்துட்டு நிக்கீங்க. இங்கிட்டு வந்துரலாம்னு எதும் யோசனையா?"

"புறாவப் பார்க்கேன் அண்ணாச்சி."

"புறா எந்தப் பக்கம்?"

"காலையில எங்க கோயில் மணிக்கூண்டுல நிக்கு. சாயங்காலம் இங்கன வந்துருது."

"அப்ப ரெண்டு பக்கமும் சாப்பாடு. வெவரமான ஆளு" என்றார்.

எங்கள் ஆலயத்துச் சுவரில் வரைந்திருக்கும் புறா இரண்டு சிறகையும் விரித்து அந்தரத்தில் அசையாமல் நிற்கும். அதை வரைந்தவருக்கு எவ்வளவு வசதி என்று அந்த நாட்களில் பிரசங்க நேரத்தில் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாம் ஓரளவு வந்தது. ஒன்று மட்டும் வரவே இல்லை. கேமராவுக்குள் வலது கண்ணால் பார்க்கும்போது இடது கண்ணை மூடக் கூடாது. இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஒரு கண் பறவைக்கு, ஒரு கண் உலகத்துக்கு. அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு பறவை வருவது தெரியும். என்னால் முடியவில்லை. வலது கண்ணை வைத்ததும் இடது கண் ஷட்டர் இறக்கிவிடும்.

"எம்மா, இடது கண்ணத் திற."

"திறந்துதான் இருக்கு."

"எங்கிட்டயேவா? இறுக்கி மூடிட்டு வாயக் கோணிட்டு நிக்க. பாக்கவே பயமா இருக்கு."

அவள் எப்போதும் என் இடது பக்கத்தில்தான் நிற்பாள்.

இன்னொரு பாடமும் சொல்லிவிட வேண்டும். பின்னால் அது தேவைப்படும். பூச்சி பிடித்துத் தின்னும் சின்னப் பறவைகள், கரிச்சான் மாதிரி, கண்ட இடத்தில் உட்காராது. ஒரு குச்சியிலிருந்து எழும்பும், பூச்சியைப் பிடிக்கும், அதே குச்சிக்குத் திரும்பும். அதனால் பறவையைத் துரத்தவே கூடாது. உட்காரும் இடத்துக்குக் கேமராவைச் சரிபண்ணி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அது தானாக வந்து மாட்டும். "இடத்த விட்டுராத, அவ்வளவுதான்" என்பாள் மகள்.

நாங்கள் போகும் குளம் ஊருக்கு வெளியே, பனவடலிசத்திரம் போகிற பக்கம். பெரிதாக ஒன்றுமில்லை. மழை பெய்த வருடம் குளம், பெய்யாத வருடம் கிரிக்கெட் மைதானம். கடந்த மழைக்குக் கரை தொட்டு நிறைந்திருந்தது. ஆனால் தண்ணீர் இல்லாத காலத்தில் யாரோ ஜேசிபி விட்டு மண் அள்ளியிருந்தார்கள். மீன் குத்தகைக்குக் காவல் இருக்கும் அண்ணாச்சி முதல் நாளே எங்களை நிறுத்திக் கையைக் காட்டினார்.

"அந்த முள்ளுக்கொப்பு நிக்குல்லா, அதுக்கு அங்கிட்டுப் போயிராதீங்க. பள்ளம். ரெண்டு ஆள் ஆழம். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது."

தண்ணீருக்கு மேலே ஒரு கருவேலங்கொப்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்து அன்றைக்கே ஒரு முறை செத்துப் பிழைத்தேன். ஒவ்வொரு வாரமும் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக மகளுக்கு அந்தக் கொப்பைக் காட்டுவேன். அவளும் ஒவ்வொரு வாரமும் கண்ணை உருட்டுவாள்.

அன்றைக்கும் காட்டினேன். அவளும் உருட்டினாள். பிறகு தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்தால் பறவை பெரிதாகத் தெரியும் என்று கரையின் உள்சரிவில் இறங்கினாள். கரிசல் சேறு செருப்பில் அப்பும் என்று செருப்பைக் கழற்றிவிட்டாள். கேமராப் பையையும் பக்கத்தில் வைத்தாள். என்னிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. எங்கிருந்தோ செம்மறி ஆடுகள் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தன. கத்தின, இடித்தன, போயின. நான் அவற்றைச் சட்டை பண்ணவில்லை. என் நாரை அப்போதுதான் சுமையை இறக்கியது. நான் இடது கண்ணை மூடினேன்.

நாரை எழும்பியது. இரண்டு எட்டு வைத்து, மூன்றாவது எட்டில் தண்ணீரை விட்டது. நான் இடுப்பிலிருந்து திரும்பினேன், அழுத்தினேன், திரும்பிக்கொண்டே இருந்தேன். குளத்தைப் பாதி சுற்றி அது இறங்கும்வரை விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. படம் எடுக்கிறவர்களுக்கு அது ஒரு நொடி. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஒரு யுகம். பிறகுதான் கத்தினேன், திரும்பினேன்.

சரிவில் செருப்பு இருந்தது. பை இருந்தது. அவற்றுக்கு நேர் எதிரே, தண்ணீருக்குள், அந்த முள்ளுக்கொப்பு. அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

காற்றில் ஆடியிருக்கும். இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குக் காற்று என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

அவள் போனுக்கு அடித்தேன். பறவை மிரளும் என்று போனைச் சத்தமில்லாமல் வைப்பது அவளுடைய சட்டம். சரிவில் கிடந்த பை மெல்ல நடுங்கியது. நிறுத்தினேன், அதுவும் நின்றது. மறுபடி அடித்தேன், மறுபடி நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. வீட்டுக்காரருக்கு அடித்தேன். அவர் புளியங்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்தில் எங்கே கேட்கும்.

அடுத்து யாரையாவது கூப்பிட வேண்டும். படித்தவள், பட்டதாரி. போலீசுக்குச் சொல்லலாம், தீயணைப்புக்குச் சொல்லலாம், ஆம்புலன்சுக்குச் சொல்லலாம். எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பிள்ளைகளுக்கு வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்று ஆரம்பிக்கிறது. குழந்தை குளத்தில் போய்விட்டது என்று நடுங்குகிற பெண், முதலில் எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறாள். பிறகுதான், "பிள்ளையக் காணல. குளத்துல. எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க."

எந்தக் குளம் என்று சொல்லவில்லை. அவசியமும் இருக்கவில்லை. டீச்சரும் மகளும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எந்தக் குளத்தில் போய்க் கொக்கு பார்க்கிறார்கள் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். பலருக்கு அதில் கருத்தும் உண்டு. பிற்பாடு பார்த்தபோது, என் பதிவுக்கு அடியில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்திருந்தன. நடுவில் ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு அன்றைய வசனம் அனுப்பியிருந்தார். ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன்.

போனை நனையாத இடமாகப் பார்த்து, பையின் மேல் பத்திரமாக வைத்தேன். கேமராவைக் கழுத்திலிருந்து கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்படியே தண்ணீருக்குள் இறங்கினேன்.

"மக்கா! மக்கா!" என்று கத்தினேன்.

அவளிடமிருந்து பதில் வரவில்லை. குளம் பதில் சொன்னது. குளத்தில் இருந்த அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பியது. நாரை, கொக்கு, கூழைக்கடா, பெயர் தெரியாத வாத்து, எல்லாம். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஈரப் போர்வையை உதறினால் எப்படி இருக்கும், அந்தச் சத்தம். தலைக்கு மேல் நிழல் ஓடியது. அந்தக் காட்சிக்காகத்தான் நாங்கள் மார்கழி முழுக்கக் காத்திருந்தோம். பறவைகள் மொத்தமாக எழும்ப ஏதாவது கழுகு வர வேண்டும், ராசாளி வர வேண்டும் என்பாள் மகள். வரவே இல்லை. இப்போது எழும்பியிருக்கிறது. நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. தண்ணீரைத்தான் பார்த்தேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு, மார்பளவு, பிறகு காலுக்குக் கீழே எதுவும் இல்லை. முள்ளுக்கொப்பைப் பிடித்தேன். உள்ளங்கையில் முள் ஏறியது பிறகுதான் தெரிந்தது. இன்னொரு கையால் தண்ணீருக்கடியில் துழாவினேன். துணி தட்டுப்பட்டது.

கனமான, ஈரமான, வழுவழுப்பான துணி. அதைப் பிடித்து இழுக்கும் அந்த நேரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இழுத்தேன். உரச் சாக்கு. உள்ளே மண்.

நான் அழவில்லை. சாக்கைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துத் துணைச் செயலாளருக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு எல்லா வார்த்தையும் தெரியும்.

"யம்மா! வேண்டாம்மா! வேண்டாம்!" என்று கரையிலிருந்து ஒரு குரல். குத்தகைக் காவல் அண்ணாச்சி. பல்குச்சியைத் துப்பிவிட்டு வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்ன கஷ்டம்னாலும் பேசித் தீத்துக்கிடலாம்மா! புள்ளகுட்டி இருக்குல்லா! அதுகள நெனச்சுப் பாரு!"

"புள்ளையத்தான் அண்ணாச்சி தேடுதேன்!"

அவர் முகம் மாறியது. தொப்பென்று குதித்தார். என்னை அலேக்காகத் தூக்கி ஆழமில்லாத இடத்தில் நிறுத்திவிட்டுப் பள்ளத்துக்குள் முங்கினார். மேலே வந்தார், தலையை ஆட்டினார், மறுபடி முங்கினார். அவர் வெறுங்கையோடு வரும்போதெல்லாம் எனக்கு உயிர் வந்தது. அவர் மறுபடி மூச்சை இழுக்கும்போது போனது.

சபை வந்து சேர்ந்தது. முதலில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் பைக்கில். பிறகு ஷேர் ஆட்டோவில் பெண்கள். பிறகு, யாரோ ஒருவர் ஸ்கூட்டரின் பின்னால், வெள்ளை அங்கி காற்றில் படபடக்க, ஐயர். எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். முதல் மணி அடித்திருக்குமா என்று அந்த நிலையிலும் என் மூளையின் ஏதோ ஒரு மூலை கணக்குப் போட்டது.

செயலாளர் அக்கா சரிவில் இறங்காமல் மேலேயிருந்தே ஆரம்பித்தார். "நான் அப்பவே சொன்னேன். பொம்பளப் பிள்ளைய ஞாயித்துக்கிழமையும் அதுவுமா குளத்துக்குக் கூட்டிட்டுப் போகாதன்னு. கொக்கு என்ன, வீட்டு முன்னாடி வராதா? காக்கா வருதுல்லா, அத எடுக்க வேண்டியதுதான!"

"அக்கா, இப்ப கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் ஐயர். அவர் அக்காவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. யாரும் கேட்டதில்லை. அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் வந்து என் பக்கத்தில் நின்றார். ஜெபம் பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை. என் கையைப் பார்த்து, "முள்ளு ஏறியிருக்கு டீச்சர்" என்று மட்டும் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்தார். நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி முங்கியிருந்தார். இம்முறை வெகுநேரம் வரவில்லை.

அப்போது கரைக்கு அந்தப் பக்கம், அறுத்துப்போட்ட உளுந்துக் காட்டிலிருந்து ஆட்டுமணிச் சத்தம் கேட்டது. கூடவே ஓர் ஆள் எரிச்சலோடு பேசிக்கொண்டே வருவதும் கேட்டது.

"இங்கன யாரு வே ஒரு புள்ளையத் தொலைச்சது?"

கரை மேல் முதலில் ஆடுகள் ஏறின. பின்னால் தோளில் கம்போடு மேய்ப்பர். வெறுங்காலோடு வந்தார். அவர் செருப்பு அவர் காலில் இல்லாததற்குக் காரணம் அவருக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. டயரில் வெட்டிய பெரிய செருப்புக்குள் சின்னக் கால்களைத் திணித்துக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு, தொப்பி கோணலாக, நீள லென்ஸைக் குழந்தையைப் போல இரு கையாலும் அணைத்துக்கொண்டு.

"டீச்சரு மகளா?" என்றார் மேய்ப்பர் என்னைப் பார்த்து, யாரும் பதில் சொல்வதற்கு முன்பே. "நல்லா வளத்திருக்கீங்க. என் ஆட்டுக்குப் பின்னாலயே வருது. யாரு மகளுன்னு கேட்டா பேசாது. எங்க போறேன்னு கேட்டா கையக் காட்டி உஸ்ஸுங்கு. கால்ல முள்ளு குத்தி ரத்தம் வருது, அதுக்கும் உஸ்ஸு. கடைசியில ஆடு எனக்கா அதுக்கான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு."

தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாச்சி தலையைத் தூக்கினார். மூச்சு வாங்கிக்கொண்டு கரையைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். "இதுவா?" என்றார். பிறகு அப்படியே மல்லாந்து மிதந்தார்.

நான் எப்படிக் கரை ஏறினேன் என்று தெரியாது. அடிக்கத்தான் கையை ஓங்கினேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கை போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டது. தொப்பி விழுந்தது. அவள் முடியில் ஆட்டு வாடை. என் சேலையிலிருந்து அவள் மேலெல்லாம் தண்ணீர் ஒழுகியது.

"எம்மா, கேமரா! கேமரா நனையுது!" என்று அவள் லென்ஸைத் தலைக்கு மேலே தூக்கினாள். அப்புறம்தான் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தாள். பைக்குகள், பட்டுச்சேலைகள், அங்கியை இடுப்பில் செருகிய ஐயர். குரல் இறங்கிவிட்டது. "கரிச்சான் ஒண்ணு ஆட்டு முதுகுல வந்து உக்காந்துச்சும்மா. எந்திரிச்சு பூச்சிய பிடிச்சுட்டு அதே இடத்துக்குத்தான் வந்துச்சு, நான் சொன்ன மாதிரியே. இடத்த விடாமப் பிடிச்சு வச்சிருந்தேன். இடந்தான் நடந்து போயிட்டே இருந்துச்சு."

செயலாளர் அக்காதான் முதலில் சிரித்தார். நம்பவே முடியாது. அவர் சிரித்துக்கொண்டே அழுதார். மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். நான் மட்டும் எதுவும் செய்யவில்லை. முள் குத்திய உள்ளங்கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு சரிவில் இருந்த தன் செருப்பையும், பையையும், முள்ளுக்கொப்பையும், ஈரத்தில் நின்ற என்னையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஓடியது. மெதுவாகக் கேமராவைத் திருப்பித் திரையை என் பக்கம் காட்டினாள்.

உளுந்துக் காட்டிலிருந்து எடுத்த படம். கரைக்கு மேலே வானம் முழுக்கப் பறவைகள். ஒவ்வொரு சிறகிலும் காலை வெளிச்சம். கரை உடைந்திருந்த இடத்தின் வழியாகக் குளத்தின் ஒரு துண்டு தெரிந்தது. அவள் பட்டனை அழுத்தி அந்தத் துண்டைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மார்பளவு தண்ணீரில், இரண்டு கையையும் தூக்கி, வாயைத் திறந்தபடி ஒரு சிறிய பொம்பளை.

"திடீர்னு குளமே எந்திரிச்சுட்டும்மா" என்றாள். "ராசாளி வந்துட்டுன்னு நெனச்சேன். நீயா?"